எதைப் படிக்கச் சொல்வது?

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் ஊர்ப் பொது நூலகங்கள் சிலவற்றில் ஒரு சிறு மாற்றத்தைக் காணலாம். நுழைவாயிலின் அருகே ஒரு மேசை போடப்பட்டு, அதன்மீது தேர்ந்தெடுத்த நூல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இவ்விடுமுறையில் படிக்கத்தக்கவை என்னும் தலைப்பில், கையால் எழுதிய பட்டியலொன்று அறிவிப்புப் பலகையில் தொங்கும். ஏப்ரல் 23-ஆம் நாள் உலகப் புத்தக நாளிலும், நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் தேசிய நூலக வாரத்திலும் இத்தகைய பட்டியல்கள் மீண்டும் தலைகாட்டும். பெரும்பாலோர் அதைக் கடந்து சென்று நாளிதழைத் தேடுவர். ஒரு சிலரே நின்று படிப்பர்.

மிகச் சிறிய செயல்தான். ஆயினும் அதனுள்ளே அறநெறி சார்ந்த பெரிய கேள்வியொன்று அடங்கியிருக்கிறது. இன்னது படி என்று பிறருக்குச் சொல்லும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? தாய் தன் பிள்ளைக்குச் சொல்கிறாள். அது உறவு தரும் உரிமை. ஆசிரியர் தம் மாணவருக்குச் சொல்கிறார். அது பொறுப்பு தரும் உரிமை. பொது நூலகமோ எவருக்கும் தாயுமன்று, ஆசிரியருமன்று. சொத்து வரியோடு சேர்த்துப் பெறப்படும் நூலக வரி அதைத் தாங்கி நிற்கிறது. அவ்வரியைச் செலுத்துவோருள் எல்லாச் சமயத்தவரும் உண்டு. எச்சமயமும் சாராதவரும் உண்டு. எல்லாருடைய பணத்திலும் நடைபெறும் ஒரு நிறுவனம் ஒரு நூலை முன்னே எடுத்து வைக்கும்போது, இன்னொன்றைப் பின்னே விட்டுவிடுகிறது. இது நேர்மையாகுமா?

இக்கேள்விக்கு எளிதான விடையொன்று உண்டு. 'நூலகம் எதையும் பரிந்துரைக்க வேண்டாம். எல்லா நூல்களையும் வாங்கி வரிசையாக வைக்கட்டும். விரும்பியவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும். அதுவே நடுநிலைமை' என்பர் சிலர். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இவ்விடை, சற்று எண்ணிப் பார்த்தால் நிலைகொள்ளாது. எல்லா நூல்களையும் வாங்கும் நூலகம் உலகில் இல்லை. வாங்குவதே ஒரு தேர்வு. கண்ணுக்கு நேரான தட்டில் வைப்பதா, குனிந்து தேட வேண்டிய அடித்தட்டில் வைப்பதா என்பதும் ஒரு தேர்வே. சொல்லாமல் செய்யும் தேர்வைவிடச் சொல்லிச் செய்யும் தேர்வு ஒளிவு மறைவற்றது. பலகையில் தொங்கும் பட்டியலை எவரும் படித்துக் கேள்வி கேட்கலாம். அடித்தட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மேலும் ஒன்று. வழிகாட்டுதல் இல்லாத நூலகம் எல்லாருக்கும் ஒரேபடித்தாய் இருப்பதில்லை. வீட்டில் நான்கு அலமாரி நிறையப் புத்தகம் உள்ளவருடைய மகனுக்குப் பட்டியல் தேவையில்லை. எந்த எழுத்தாளரைத் தேடுவது, எந்தத் தட்டில் கை வைப்பது என்று அவன் முன்பே அறிவான். குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த தலைமுறையைச் சேர்ந்த சிறுமியோ, ஆயிரக்கணக்கான நூல்முதுகுகளுக்கு முன்னால் திகைத்து நிற்கிறாள். எதைக் கேட்பது என்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்க வெட்கப்படுவாள். அவளிடம், 'உனக்கு விருப்பமானதை எடுத்துக்கொள்' என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்ப்பதற்குப் பெயர் நடுநிலைமை அன்று, அது கைவிடல்.

நூலகவியலின் தந்தையெனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் இதை நன்கு உணர்ந்திருந்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. வாசகருடைய நேரத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. இரண்டாம் மூன்றாம் விதிகளைச் சேர்த்துப் பார்ப்போமாக. வாசகர் ஒருபுறம் தேடி நிற்கிறார். நூல் மறுபுறம் காத்து நிற்கிறது. இருவரையும் அறிந்த ஒருவர் இடையே இல்லாவிடில் அவர்கள் சந்திப்பது எப்படி? அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் சென்ற நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதனே. வண்டியில் எல்லா நூல்களையும் ஏற்ற முடியாது. எந்த ஊருக்கு எவை உதவும் என்று எண்ணி எடுத்துத்தான் ஏற்ற முடியும். அவ்வண்டியின் ஒவ்வொரு சுமையும் ஒரு பரிந்துரையே.

எனவே பரிந்துரைப்பது நூலகத்தின் உரிமை என்பதைவிட, அதன் கடமை என்பதே பொருந்தும். ஆனால் கேள்வி இத்தோடு முடிந்துவிடவில்லை. பரிந்துரைக்கும் கை எப்போது வழிநடத்தும் கையாக இருக்கிறது? எப்போது கழுத்தைப் பிடித்துத் திருப்பும் கையாக மாறுகிறது?

இதை ஆராய்வதற்குத் திருச்சபையின் வரலாறே நமக்கு இரண்டு பட்டியல்களைத் தருகிறது.

முதலாவது பட்டியல் மிகத் தொன்மையானது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 48-ஆம் அதிகாரம், உழைப்பையும் வாசிப்பையும் பற்றியது. தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் தரப்பட வேண்டும். அதை அவர் முதலிலிருந்து முடிவு வரை, ஒன்றையும் விடாமல், படிக்க வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டுள்ளது. வாசிப்பு நேரத்தில் எவரேனும் சோம்பியிருக்கிறாரா, வீண்பேச்சில் ஈடுபட்டிருக்கிறாரா என்று பார்ப்பதற்கு மூத்தவர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றி வருவர். பருவந்தோறும் நூல் பரிந்துரைக்கும் இன்றைய நூலக வழக்கத்துக்கு இதைவிடப் பழைய முன்னோடியைக் காண்பது அரிது. காலத்துக்கு ஏற்ற வாசிப்பு, ஆளுக்கொரு நூல், நுனிப்புல் மேயாத முழு வாசிப்பு என்னும் மூன்று நற்பண்புகளை நாம் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் பொது நூலகம் துறவு மடமன்று என்பதை மறத்தலாகாது. துறவி தாமாக விரும்பிக் கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்தவர். எனவே அவர் கையில் வைக்கப்படும் நூல் கட்டளையாக இருக்கலாம். அக்கட்டளையை அவரே முன்கூட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறார். நூலகத்துக்கு வரும் குடிமகன் எவருக்கும் வாக்குக் கொடுத்தவரல்லர். அவருக்கு நீட்டப்படும் நூல் கட்டளையாக இருத்தல் இயலாது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்போடு சேர்த்து நீட்டப்படுவதே பரிந்துரை. அந்த வாய்ப்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது பாடத்திட்டம்.

இரண்டாவது பட்டியல் நமக்குச் சங்கடம் தருவது. 1559-இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் உரோமையிலிருந்து வெளிவந்த தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலைக் குறிப்பிடுகிறேன். நான்கு நூற்றாண்டுகள் அது நீடித்தது. அதன் கடைசிப் பதிப்பு வெளியான ஆண்டு 1948. நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதும் அதே 1948-இல்தான். ஓரிடத்தில் எதைப் படிக்கக் கூடாது என்னும் பட்டியல் கடைசி முறையாக அச்சேறிய அதே ஆண்டில், இன்னோரிடத்தில் எவரும் வந்து படிக்கலாம் என்னும் சட்டம் பிறந்தது. 1966-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த மறு ஆண்டு, அப்பட்டியல் திருச்சபைச் சட்டம் என்னும் நிலையை இழந்தது. தீங்கு விளைக்கும் நூலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் கடமை மட்டும் ஒவ்வொருவருடைய மனச்சான்றிடமும் விடப்பட்டது.

அப்பட்டியலைத் தொகுத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் என்று கருத வேண்டியதில்லை. ஆன்மாக்கள் மீது கொண்ட அக்கறையே அவர்களைத் தூண்டியிருக்கும். ஆனால் நல்ல நோக்கம் மட்டும் ஒரு செயலை நற்செயலாக்கிவிடாது என்பது நம் அறநெறி இறையியலின் பாலபாடம். 1632-இல் கலிலேயோ வெளியிட்ட உரையாடல் நூல் அடுத்த ஆண்டே தடைசெய்யப்பட்டது. 1835-இல் வெளியான பதிப்பில்தான் அது பட்டியலிலிருந்து நீங்கியது. பூமி தன் வழியில் சுழன்றுகொண்டே இருந்தது. பட்டியல் இருநூறு ஆண்டுகள் பின்தங்கி நின்றது. இந்தத் தவறான தீர்ப்பு ஓர் இழப்பு. அதனினும் பெரிய இழப்பு வாசகருக்கு நேர்ந்தது. தீர்ப்பு வழங்கும் வேலையை வேறொருவர் செய்துவிட்டபடியால், ஒரு நூலை நிறுத்துப் பார்த்து இது மெய், இது பொய் என்று பகுத்தறியும் பயிற்சியை அவர் பெறாமற் போனார். நடக்கப் பழகாத கால் வலுப்பெறாது.

இந்நோய் திருச்சபைக்கு மட்டும் உரியதென்று எவரும் மகிழ வேண்டாம். இன்று ஒவ்வொரு சமயத்தினரும், சாதியினரும், கட்சியினரும் தத்தமக்கென ஒரு தடைப்பட்டியலை மனத்துள் வைத்திருக்கின்றனர். பொது நூலகங்களைப் பற்றி ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 1949-இல் முதன்முதலாக ஓர் அறிக்கை வெளியிட்டது. 1994-இல் திருத்தி வெளியிடப்பட்ட அவ்வறிக்கை, நூலகத்தின் சேகரிப்பு கொள்கை, அரசியல், சமயம் ஆகியவற்றின் தணிக்கைக்கோ வணிக நெருக்கடிக்கோ உட்படலாகாது என்று வற்புறுத்துகிறது. அறிக்கையில் எழுதுவது எளிது. அது வாழ்க்கையில் நம் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் கடினம்.

நான் முன்னர் பணியாற்றிய பங்கு ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவ்வூர்க் கிளை நூலகத்தின் கோடைப் பட்டியலில் ஒரு புதினம் இடம்பெற்றிருந்தது. குடிப்பழக்கத்துக்கு அடிமையான தந்தையின் வீட்டில் வளரும் சிறுமியின் கதை அது. பதின்மூன்று வயது மகளை உடைய பங்குத் தோழர் ஒருவர் அந்நூலோடு என்னிடம் வந்தார். நல்ல மனிதர்; குடிப்பழக்கம் அறியாதவர்; மகள்மீது உயிரையே வைத்திருப்பவர். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நூலகர் கேட்பாரு. இதைப் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குத் தெரியணும்?" என்றார்.

அவருடைய அக்கறையை நான் இகழவில்லை. தன் பிள்ளை எப்போது எதை அறிய வேண்டும் என்று முடிவுசெய்யும் முதல் உரிமை பெற்றோருடையது. அதைத் திருச்சபையும் ஏற்கிறது. ஆனால் அவர் கேட்டது வேறு. தம் மகளுக்கு மட்டுமன்றி, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்நூல் எட்டாதபடி செய்யும்படி அவர் கேட்டார். அந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு நான் சென்றிருக்கிறேன். மாலை மங்கியதும் வாசலில் காலடி ஓசை கேட்டு நடுங்கும் பிள்ளைகள் இருந்த வீடுகள் அவற்றுள் உண்டு. அப்பிள்ளைகளுக்காகப் பரிந்து பேச என்னிடம் வரும் தந்தை எவரும் இல்லை. அவர்களுள் ஒருத்தி அந்த மேசையருகே நின்று, அந்நூலை எடுத்துப் புரட்டி, இது எனக்கு மட்டும் நேர்வதன்று என்று அறிந்துகொள்ளும் ஒரு நொடியை, எந்த உரிமையால் நாம் பறிப்பது?

இதை அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசினோம். அவர் முழு உடன்பாட்டோடு எழுந்து செல்லவில்லை. மகளுக்கு அந்நூலை ஓராண்டு கழித்துத் தரலாம் என்று முடிவுசெய்தார். அது அவருடைய உரிமை. நூல் பட்டியலில் தொடர்ந்தது. அது ஊரின் உரிமை. சில நாள்கள் சென்று, பிள்ளைகள் படிக்கத்தக்கதென்று தாம் கருதிய வேறு இரண்டு நூல்களின் பெயர்களை அவர் நூலகத்தின் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதி வைத்ததாக அறிந்தேன். ஒரு நூல் பிடிக்கவில்லையெனில், அதற்கு அருகில் இன்னொரு நூலை வைப்பது நற்குடிமகன் செய்யும் மறுப்பு. நீக்கச் சொல்வதற்குச் சினம் போதும். சேர்க்கச் சொல்வதற்குப் படித்திருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சிறுவருக்கான மேசையில் எதுவும் இருக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. வயதுக்கு ஏற்றதா என்று பார்ப்பது நூலகரின் கடமை. மனிதரை வெறுக்கக் கற்பிக்கும் நூலை அவர் முன்னெடுத்து வைக்க வேண்டியதுமில்லை. பட்டியலில் இல்லாத நூல் தடைசெய்யப்பட்ட நூலுமன்று. அது அலமாரியில் இருக்கிறது. இதனாலேயே பரிந்துரைப்பவருடைய பொறுப்பு கூடுகிறது. நல்ல பரிந்துரைக்குரிய இலக்கணங்களாக நான்கைக் கருதுகிறேன்.

முதலாவது, பரிந்துரைப்பவர் அந்நூலைப் படித்திருக்க வேண்டும். பரிந்துரை என்பது ஒருவகைச் சாட்சியம். காணாததைக் கண்டேன் என்பவர் பொய்ச்சாட்சி சொல்கிறார். பிறர் பட்டியலைப் பார்த்து எழுதிய பட்டியலும் அத்தகையதே.

இரண்டாவது, அது வாசகருடைய நன்மையை நாட வேண்டும். பதிப்பாளரின் இலாபமோ மேலதிகாரியின் மகிழ்ச்சியோ அதன் நோக்கமாகலாகாது. இன்று நம் கைப்பேசியும் ஓயாமல் நமக்குப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறது. முன்பு எதில் நம் கண் நின்றதோ அதையே மேலும் மேலும் அது நீட்டுகிறது. நம்மைப் பிடித்து வைப்பது அதன் பிழைப்பு. நூலகரோ, புத்தகத்தோடு நாம் வெளியேறிச் செல்வதையும், படித்து முடித்துத் திருப்பித் தருவதையும், பின்னர் வேறொன்றைக் கேட்பதையும் விரும்புகிறார். இவ்விரு பரிந்துரைகளுக்கும் பெயர் ஒன்றானாலும் அறம் வேறு.

மூன்றாவது, அது ஊரின் தேவையையும் பருவத்தையும் அறிந்திருக்க வேண்டும். கதையும் கவிதையும் மட்டும் பட்டியலாகா. நம் நூலகங்களின் மேசைகளில் காலை முதல் மாலை வரை குனிந்திருப்போருள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் மிகப் பலர். அவர்களுக்கு வேண்டிய நூல்கள் எவை என்று சொல்வது வயிற்றுப் பிழைப்புக்கு வழிகாட்டுவதாகும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வெள்ளத்தையும் கொசுவால் பரவும் காய்ச்சலையும் பற்றிய எளிய நூல்களை எடுத்து வைப்பது உயிர்காக்கும் செயலாகவும் அமையலாம். பார்வையற்றோரையும் மறத்தலாகாது. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அவர்களுக்கெனப் பிரெயில் பிரிவு உண்டு. சிற்றூர்க் கிளை நூலகத்தில் அது இல்லாதபோது, வாசித்துக் காட்டும் ஒரு குரலையாவது நாம் தரலாமன்றோ?

நான்காவது, அது வாசகரின் உரிமையை மதிக்க வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு மடல் எழுதினார். இன்றியமையாத நூலென்று பிறர் சொல்லிவிட்டார்கள் என்பதற்காகவே, கடமைக்காக வருந்திப் படிப்பதைப்போல் பயனற்றது வேறில்லை என்பது அதில் அவர் கூறும் கருத்து. வழிகாட்டுதலுக்குச் செவிசாய்ப்பதோடு, திறந்த மனத்தோடு நாமே தேர்ந்து படிக்க வேண்டும் என்கிறார். நானூறு ஆண்டுகள் தடைப்பட்டியல் நடத்திய திருச்சபையின் தலைவரிடமிருந்து வந்த சொல் என்பதால் இது நம் உள்ளத்தில் ஆழப் பதியத்தக்கது.

பரிந்துரைப்பவர் இறுதியில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: விளைவு அவர் கையில் இல்லை. 1521-இல் பம்பலோனா போரில் கால் நொறுங்கிப் படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுதுபோக்காக வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே இருந்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். வேறு மனிதராக எழுந்தார். அவர் நிறுவிய சபையைச் சேர்ந்த ஹென்றீக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சிட்டார். 1586-இல் முத்துக்குளித்துறை மக்களுக்கென அவர் அச்சிட்டதும் புனிதர்களின் வரலாறே. நோயாளி ஒருவருக்குக் கேட்டது கிடைக்காமற்போய், கிடைத்ததைப் படித்த நாள்களுக்கும் நம் கடற்கரைக்கு வந்துசேர்ந்த அச்சு நூலுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருக்கிறது. அவ்வீட்டில் அந்நூல்களை வைத்தவர் எவராயினும், இதைத் திட்டமிட்டிருக்க முடியாது.

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்பு தேரில் செல்லும் எத்தியோப்பிய அதிகாரியை அணுகும் நிகழ்ச்சியை நாம் அறிவோம். பிலிப்பு அவர் கையிலிருந்த ஏட்டைப் பிடுங்கவில்லை. வேறோர் ஏட்டைத் திணிக்கவுமில்லை. படிப்பது விளங்குகிறதா என்று கேட்டார். அழைக்கப்பட்ட பின்னரே தேரில் ஏறி அமர்ந்தார். அவர் படித்துக்கொண்டிருந்த அதே பகுதியிலிருந்து பேச்சைத் தொடங்கினார். பணி முடிந்ததும் பிலிப்பு அங்கே இல்லை. அதிகாரி மகிழ்ச்சியோடு தம் வழியே சென்றார். நூலை நீட்டும் எவருக்கும், அவர் நூலகராயினும் பெற்றோராயினும் பங்குக் குருவாயினும், இதைவிட நல்ல முன்மாதிரியை நான் அறியேன்.

எனவே இவ்விதழைப் படிக்கும் பொதுநிலையினரிடம் என் வேண்டுகோள் எளியது. உங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினராகுங்கள். வாசகர் வட்டம் இருந்தால் அதில் பங்கேற்று, கோடைப் பட்டியலை வகுக்கும் நூலகருக்குத் துணை நில்லுங்கள். படித்து நன்றெனக் கண்ட ஒரு நூலின் பெயரைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பிறகு, மேசையருகே திகைத்து நிற்கும் ஒரு சிறுமியைக் கண்டால், என்ன படிக்க விருப்பம் என்று முதலில் அவளைக் கேளுங்கள்.